சடங்கும் சொத்துரிமையும்: மணவினையின்றிச் சேர்ந்து வாழ்தல் பற்றிய சமூக நோக்கும் இரு தமிழ் நாவல்களும்

1

திருமணச் சடங்கோ பதிவோ இன்றி ஆணும் பெண்ணும் ஒரே வீட்டிற் சேர்ந்து வாழ்வது பற்றித் தமிழ்ச் சூழலில் எழும் விவாதங்களை உற்று நோக்கின், அவை பெரும்பாலும் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். அது மேலைத்தேயத்திலிருந்து இறக்குமதியான ஒழுக்கக்கேடு என்பது ஒரு சாராரின் வாதம். தனிமனித சுதந்திரத்தின் இயல்பான வெளிப்பாடே அது என்பது மறுசாராரின் வாதம். 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்திய பாலுறவு குறித்து ஆங்கில ஏடொன்றிற் கூறிய கருத்துகளுக்காக அவருக்கெதிராக 23 முறைப்பாடுகள், மிகப் பெரும்பாலும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில், தாக்கல் செய்யப்பட்டபோது இவ்விரு முகாம்களும் தத்தம் ஆயுதங்களுடன் களத்தில் இறங்கின. 2010 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அம்முறைப்பாடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்து, வயதுவந்த இருவர் மணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றமன்று எனத் தெளிவுபடுத்தியது. சட்டம் தன் கூற்றை மொழிந்துவிட்டது. ஆயின், சமூகத்தின் சினம் எங்கிருந்து பிறந்தது என்னும் வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. அவ்வாறு கூறுவது அதன் கடமையுமன்று.

மேற்கூறிய இரு முகாம்களும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. சடங்கு வேண்டுமா, வேண்டாமா என்பதே இரு சாராருக்கும் வினா. நமது சமூகம் வரலாற்றில் எதனைக் கண்டித்தது, எதனைக் கண்டும் காணாதுவிட்டது, எதற்கு என்ன பெயர் சூட்டியது என ஆராய்வோமாயின், சடங்கின்மை என்பது ஒருபோதும் கண்டனத்தின் உண்மையான காரணமாக இருந்ததில்லை என்பது புலப்படும். சொத்தும் சாதியும் பெண்ணின் உழைப்பும் யாருடைய ஆளுகையில் இருப்பது என்பதே உண்மையான வினா. இவ்வுண்மையைத் தமிழின் இரு முக்கிய நாவல்கள் எவ்வளவு தூரம் கண்டுகொண்டன என மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

‘மேலைத்தேய இறக்குமதி’ என்னும் வாதத்தை முதலில் நோக்குவோம். தொல்காப்பியப் பொருளதிகாரம் இல்லற வாழ்வைக் களவு, கற்பு என இரு கூறுகளாக வகுப்பது யாவரும் அறிந்ததே. கற்பியலில் நமது கவனத்துக்குரிய செய்திகள் மூன்று உள. ஒன்று, கரணம் என்னும் மணவினை தொன்றுதொட்டு நிலவியதாகக் கூறப்படவில்லை. உறவில் பொய்மையும் பிழையும் தலைகாட்டிய பின்னரே அது விதிக்கப்பட்டதெனக் கூறப்படுகிறது. இரண்டு, மேலோர்க்கென வகுக்கப்பட்ட கரணம் கீழோர்க்கும் உரியதாகிய ஒரு காலம் உண்டெனக் கூறப்படுகிறது. மூன்று, கற்பு என்பது கொடுத்தற்குரியோர் கொடுக்கப் பெறுதற்குரியோன் பெறும் ஓர் ஏற்பாடாகவே வரையறுக்கப்படுகிறது; உடன்போக்கில் கொடுப்போர் இன்றியும் கரணம் நிகழலாம் என்பது விதிவிலக்காக இடம்பெறுகிறது.

இச்செய்திகளைக் கொண்டு, சங்க காலத்திற் கட்டற்ற காதல் தழைத்தோங்கியது எனப் பொற்காலக் கனவு காண்பது வரலாற்று நோக்காகாது. ஆயின் இரண்டு உண்மைகளை மறுத்தலும் இயலாது. மணச்சடங்குக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அது மேலிருந்து கீழ்நோக்கிப் பரவியது என்பதும் அவை. மேலும், கற்பு என்னும் சொல் அதன் இலக்கண வரையறையில் உடலைக் குறித்து நிற்கவில்லை. கைமாற்றத்தைக் குறித்தே நின்றது. கொடுப்பவன், கொள்பவன், கொடுக்கப்படும் பெண் என்னும் மூவரிற் பெண் மாத்திரமே வினைமுதலாக அமையவில்லை.

சிலப்பதிகாரம் இதனை வேறொரு கோணத்தில் உறுதிப்படுத்துகின்றது. கோவலன் கண்ணகியைத் தீவலஞ்செய்து மணக்கின்றான். மாதவியுடன் மணவினையின்றி வாழ்ந்து மணிமேகலைக்குத் தந்தையாகின்றான். அவ்வாழ்வை இழிவெனக் கருதிப் புகார் நகரம் அவனை ஒதுக்கவில்லை. அவன் திரும்பி வந்து கண்ணகியிடம் வெளிப்படுத்தும் நாணத்தின் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னோர் தேடிய பெருஞ்செல்வத்தைத் தொலைத்துவிட்டமையும் அதனால் நேர்ந்த வறுமையுமே தன்னை நாணச் செய்வதாக அவன் உரைக்கின்றான். வணிக வர்க்கத்தின் அறம் அவன் வாயிலாகவே தன்னை அறியாது வெளிப்பட்டுவிடுகிறது. மணமின்றி வாழ்ந்தமை பிழையாகத் தோன்றவில்லை. மூலதனம் கரைந்தமையே பிழையாகத் தோன்றுகிறது.

3

இவ்விரட்டை அளவுகோல் அண்மைக் காலம்வரை நமது பேச்சுவழக்கிற் பதிந்து கிடக்கின்றது. ஆதனமுள்ள ஆண் மனைவிக்குப் புறம்பாக ஒரு பெண்ணுடன் வாழின் அப்பெண் ‘வைப்பு’ எனப்படுவாள். ‘வைத்திருத்தல்’ என்பது பொருளைக் குறிக்கும் வினை. வைத்திருப்பவனுக்கு இழிபெயர் எதுவும் வழங்குவதில்லை. யாழ்ப்பாணத்து உழைக்கும் மக்களிடையே நெடுங்காலம் நிலவிய ‘சோறு கொடுத்தல்’ என்னும் எளிய முறையில் ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. பெண் சோறு பரிமாற ஆண் உண்பதே இல்லறத்தின் தொடக்கமாயிற்று. உயர்சாதியினர் அதனை ஏளனத்துடன் நோக்கினரேயன்றிக் கொதித்தெழவில்லை. கொதித்தெழ அங்கே அவர்களுக்கு எதுவும் இழப்பில்லை. கைமாறுவதற்குச் சீதனக் காணியோ, காக்கப்படுவதற்கு முதுசமோ அவ்வீடுகளில் இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1707இற் சட்டத்தொகுதியாக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகைப்படுத்திய ஆதனமே மணவினையின் கண்டிப்பை நிர்ணயித்தது எனின் அது மிகையாகாது.

இதற்கு மாறாக, ஆதனமுள்ள குடும்பத்துப் பெண் தானே தெரிந்த ஒருவனுடன், குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட சாதி ஆணுடன், வாழப் புறப்படும்போது ஊர் கொந்தளிக்கிறது. ‘பஞ்சமர்’ (1972) தொடக்கம் கே. டானியலின் நாவல்களிற் சாதி கடந்த இரகசிய உறவுகள் மீள மீள இடம்பெறுவது தற்செயலன்று. ஆதிக்க சாதி ஆணின் அத்துமீறல் ஊரறிந்த இரகசியமாகவே காலங்கழிக்கும். திசை மாறினால் அது கொலைக்கும் காரணமாகும். இரண்டிலும் சடங்கு இல்லை. வேறுபடுவது அதிகாரத்தின் திசை மாத்திரமே.

சடங்கின் மெய்ப்பொருளை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாற்றுச் சான்று தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணங்களாகும். 1920களின் இறுதியிலிருந்து பெரியாரின் இயக்கத்தினர் புரோகிதரையும் தீவலத்தையும் தவிர்த்துப் பலரறிய மணம் புரிந்தனர். அவர்கள் தம்மை மணமக்களாகவே கருதினர். ஆயினும் 1953இற் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணமுறை இந்துச் சட்டத்தின்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஒரே தீர்ப்பினால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சட்டத்தின் பார்வையில் ‘மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர்’ ஆயின. அவர்தம் வாழ்வில் முதல்நாள் இருந்ததற்கும் மறுநாள் இருந்ததற்கும் எவ்வித மாற்றமும் இல்லை. பிள்ளைகளின் வாரிசுரிமை மாத்திரமே ஐயத்துக்குள்ளாயிற்று. அண்ணாதுரை தலைமையிலான அரசு 1967இல் நிறைவேற்றிய திருத்தச் சட்டமே, முன்னர் நடந்த மணங்களையும் உள்ளடக்கி, அவற்றைச் செல்லத்தக்கனவாக்கியது. ஒழுக்கம் என்னும் பெயரில் முன்வைக்கப்படும் பிரச்சினை இறுதியில் வாரிசுரிமைப் பிரச்சினையாகவே முடிவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமது மலையகத்தின் அனுபவம் இதன் மறுபக்கமாகும். தோட்டத் தொழிலாளரிடையே வழக்காற்றின்படி மணந்து, பதிவுசெய்யாது வாழ்ந்த குடும்பங்கள் மிகப்பல. லயத்து அறையிலே அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது தோட்டத்துரைக்குப் பொருட்டன்று. கொழுந்து நிறுக்கப்பட்டாற் போதும். ஆயின் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் மணமானவரிடம் 7 ஆண்டு வதிவையும் மணமாகாதோரிடம் 10 ஆண்டு வதிவையும் கோரியபோது, அதுவரை எவரும் கேளாத வினா திடீரென அரசின் வினாவாயிற்று. மணவாழ்வுக்குச் சான்று கேட்டது அறவுணர்ச்சியன்று. குடியுரிமையை மறுக்க வழிதேடிய அரசியலே.

4

இப்பின்னணியில் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970), தி. ஜானகிராமனின் ‘மரப்பசு’ (1975) ஆகிய இரு நாவல்களையும் நோக்குவது பயனுடைத்து. ஐந்தாண்டு இடைவெளியில் வெளிவந்த இவ்விரண்டும் மணவினைக்குப் புறத்தே நிற்கும் பெண்ணையே மையப் பாத்திரமாகக் கொண்டவை. இரண்டும் பிராமண மத்தியதர வர்க்கச் சூழலிலிருந்து எழுந்தவை. இரண்டும் வெளிவந்த காலத்திற் பெரும் சர்ச்சைக்குள்ளாயின.

ஜெயகாந்தனின் கங்கா மாணவியாக இருக்கையில், மழைநாளொன்றில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்படுகின்றாள். தாயின் ஓலம் அதனை ஊரறியச் செய்கிறது. தமையன் வீட்டை விட்டுத் துரத்துகின்றான். மாமன் வெங்குவின் ஆதரவிற் கற்று, உத்தியோகம் பெற்று, பல்லாண்டுகளின் பின் அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கின்றாள். செல்வந்தனும் குடும்பஸ்தனுமான பிரபுவின் ‘வைப்பு’ என்ற பெயரைத் தானே விரும்பி ஏற்கின்றாள். இருவரும் ஒரே வீட்டில் வாழ்பவரல்லர். அவர்களிடையே அவ்வேளையில் உடலுறவும் இல்லை.

இங்கேதான் நாவலின் கூர்மை புலப்படுகிறது. இல்லாத உறவுக்கு ஊர் பெயர் சூட்டுகிறது. அப்பெயரைக் கவசமாக அணிந்தே மாமனின் காமத்திலிருந்து கங்கா தன்னைக் காத்துக்கொள்கிறாள். அஃதாவது, ‘வைப்பு’ என்பது ஒரு செயலைக் குறிப்பதன்று. ஆணொருவனின் உடைமை என்னும் தகுதியைக் குறிப்பது. உடைமையாக அறிவிக்கப்பட்ட பெண்ணை அடுத்தவன் தீண்டான். தரும சாத்திரம் பேசும் வெங்கு மாமாவே அவளைத் தன் உடைமையாக்க முயல்பவராகவும் அமைவது, ஒழுக்கத்தின் காவலர் எதனைக் காக்கின்றனர் என்பதை எவ்வித உபதேசமுமின்றி உணர்த்திவிடுகிறது. சமூக நோக்கைப் பற்றிய இத்தகைய நுண்ணிய அவதானிப்புத் தமிழ் நாவலில் அரிது.

எனினும் ஜெயகாந்தன் தாம் திறந்த கதவின் வாசலிலேயே நின்றுவிடுகின்றார். கங்கா சம்பளம் பெறும் பெண். தனது வீட்டு வாடகையைத் தானே செலுத்தக்கூடியவள். தாயையும் தன்னுடன் வைத்துக் காப்பவள். இப்பொருளாதாரச் சுயாதீனம் அவளுக்கு எத்தகைய புதிய வாழ்வைச் சாத்தியமாக்கும் என்னும் வினாவை நாவல் எழுப்பவேயில்லை. பிரபு விலகிச் சென்றதும் அவள் குடியில் அமிழ்ந்து போகிறாள். மனைவி, வைப்பு என்னும் இரண்டு நிலைகளுக்கும் அப்பால் மூன்றாவது நிலையொன்றை ஆசிரியரின் கற்பனை காணவில்லை. இது கங்காவின் தோல்வியாகாது. உத்தியோகம் பார்க்கும் பெண்ணைப் படைத்துவிட்டு, உத்தியோகத்தைக் கதையின் புறக்கோலமாகவே வைத்துக்கொண்ட ஆசிரியரின் கருத்துநிலைத் தோல்வியாகும்.

5

‘மரப்பசு’வின் அம்மணி கங்காவுக்கு நேர்மாறானவள். இளம் விதவையொருத்திக்கு இழைக்கப்படும் கொடுமையைச் சிறுவயதிலேயே கண்ணுற்று, திருமணம் என்னும் நிறுவனத்தையே நிராகரிப்பவள். புகழ்பெற்ற பாடகர் கோபாலியுடன் மணமின்றி வாழ்கின்றாள். உலகை அன்பினாலே தீண்டிப் பார்க்க விழைகின்றாள். பலருடனும் உறவு கொள்கின்றாள். கடல் கடந்து செல்கின்றாள். முதுமை எட்டிப் பார்க்கும் வேளையிற் பட்டாபி என்னும் துணையிடம் வந்தடைகின்றாள்.

ஜானகிராமனின் மொழி வன்மையை எவரும் மறுத்தலியலாது. ஆயின் அம்மணியின் சுதந்திரம் எதன்மீது கட்டப்பட்டது எனக் கேட்போமாயின், நாவலின் அத்திவாரம் ஆட்டங்காணும். அவள் வாழும் வாழ்வு கோபாலியின் செல்வத்தையும் புகழையும் சார்ந்தே அமைகிறது. மேடைக் கச்சேரிக்கும் புரவலருக்கும் இடையிலான பொருளாதாரமே அவ்வீட்டின் உலையை எரியச் செய்கிறது. ஊர் பேசும் மொழியிற் கூறின், அவளும் ‘வைக்கப்பட்டவளே’. நிறுவனத்தை நிராகரித்தவள் அந்நிறுவனத்தின் பொருளாதாரச் சார்பை நிராகரிக்கவில்லை; சடங்கை மாத்திரமே நிராகரித்தாள். ஆசிரியரும் இம்முரண்பாட்டை முரண்பாடாகக் காணவில்லை. அம்மணியின் இயல்பு, உடல், மனவேட்கை என உளவியலுக்குள் அதனைக் கரைத்துவிடுகின்றார்.

அந்நாவலிலேயே அதற்கு மாற்றான ஒரு சோடி உண்டு. வீட்டுப் பணியாளரான பச்சையப்பனும் மரகதமும் ஒருவர்மீது ஒருவர் கொண்டுள்ள பற்று அம்மணிக்குப் பெரும் வியப்பாகின்றது. உழைத்து உண்ணும் இருவர், ஒருவரையொருவர் உடைமையாக்கும் வசதியற்ற இருவர், சமமாக நேசிப்பதை நாவல் கண்டுகொள்கிறது. ஆயின் அதனை ‘ஒருத்தியின் கற்பு நெறி’யாகவே அம்மணியின் முன் நிறுத்துகிறது, உழைப்பிற் பிறந்த உறவாகப் பார்க்கவில்லை. ஆசிரியரின் கண் கண்டதை அவரது கருத்துநிலை மறைத்துவிட்டது. மணத்தை மறுத்த பெண் இறுதியில் ஒருவனிடம் அடைக்கலம் புகும் முடிவு ஆசிரியரின் பழைமைவாதம் எனச் சிலர் குற்றங்கூறுவர். சொந்த வருவாயோ கூட்டு வாழ்வோ இல்லாத பெண்ணுக்கு முதுமையில் வேறெந்த வாயிலும் திறந்திராது. ஆதலின் அம்முடிவு, ஆசிரியர் விரும்பியோ விரும்பாமலோ, நாவலின் மிகவும் யதார்த்தமான பகுதியாகிவிடுகிறது.

இரு நாவல்களையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். கங்காவுக்கு வருவாய் உண்டு, தெரிவு இல்லை. அம்மணிக்குத் தெரிவு உண்டு, வருவாய் இல்லை. இரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பெண்ணைத் தமிழ் நாவல் அப்போது கண்டிலது. அத்தகைய பெண் சமூகத்தில் இல்லாமையன்று காரணம். ஆடைத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் தொழில்புரிந்து தம் வருவாயில் வாழும் பெண்கள் பெருகியமை நாம் அறிந்ததே. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கப்பட்டதன் பின் அதனைச் சூழவுள்ள விடுதி அறைகளில் வாழ நேர்ந்த இளம் பெண்களைப் பற்றித் தென்னிலங்கைச் சமூகம் பேசிய இழிமொழிகளும் இதனையே காட்டுகின்றன. அங்கும் சினம் மூட்டியது மணமின்மையன்று. தந்தையின் கண்காணிப்புக்கு வெளியே பெண் கையிற் சம்பளம் இருந்தமையே.

6

சட்டம் முற்போக்கானதாகிவிட்ட இக்காலத்தில் இவ்வாதம் பழையதாகிவிட்டது எனக் கருதுவோர் உளர். 2005இல் இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் ‘திருமணத்தை ஒத்த உறவை’ அங்கீகரித்தது. அதே ஆண்டில் இலங்கையின் 34ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்து வாழும் துணைக்குப் பாதுகாப்பு அளித்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் 2010இற் கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு பராமரிப்பு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளுள் முதலாவது, அவ்விருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவியரைப் போலத் தம்மைக் காட்டிக்கொண்டிருத்தல் வேண்டும் என்பதே. ஆண் ஒருவன் பொருளுதவி செய்து உடலின்பத்துக்காக ‘வைத்திருக்கும்’ பெண் இவ்வரையறையுள் அடங்காள் என்றும் கூறப்பட்டது. ‘வைத்திருத்தல்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஆளப்பட்ட அச்சொல்லை அரசின் சட்டத்தரணியான இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே ஆட்சேபித்தார். ஊர்வாயிற் பிறந்த சொல் தீர்ப்பேறிவிட்டது. மிகவும் நலிந்த பெண்ணே பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டாள்.

நமது நாட்டிலும், கணவன் மனைவியராக வாழ்ந்து அயலாரால் அவ்வாறே மதிக்கப்பட்டோரை மணமானவர் என அனுமானிக்கும் கோட்பாடு நெடுங்காலமாக உண்டு. மனிதாபிமானமுள்ள கோட்பாடே. எனினும் இங்கு சாட்சிக் கூண்டில் ஏறுவது அயலாரின் மதிப்பீடு என்பதை மறத்தலாகாது. மணத்தைப் போலச்செய்து காட்டுவோருக்கு மாத்திரமே அது துணைநிற்கும். தாம் மணமானவர் அல்லர் என நேர்மையாகக் கூறி வாழ்பவர் அதன் பயனை இழப்பர். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் மணவாழ்வுக்குப் புறத்தே பிறந்த பிள்ளை தந்தையிடம் பராமரிப்புக் கோர வழிசெய்கிறது. அப்பிள்ளையின் தாய் தனக்கெனக் கோர வழியில்லை. இந்திய மாநிலமான உத்தரகண்டில் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த பொதுக் குடியியல் சட்டம் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பராமரிப்பும் பிள்ளைக்கு வாரிசுத் தகுதியும் அளிக்கின்றது. அதே கையால், சேர்ந்து வாழ்வோர் அரசிடம் பதிவுசெய்யாவிடிற் சிறைத்தண்டனையும் விதிக்கின்றது. கரணம் வகுத்தோரின் இடத்தில் இப்போது பதிவாளர் அமர்ந்துள்ளார்.

முற்போக்காளர் ஆகிய நாமும் இவ்விடயத்தில் நமது வரலாற்றைக் கற்றல் வேண்டும். ஏங்கல்ஸ் மேரி பேர்ன்ஸுடன் மணவினையின்றியே வாழ்ந்தார். குடும்பத்தின் தோற்றத்தைத் தனிச்சொத்தின் தோற்றத்துடன் பிணைத்து 1884இல் நூல் எழுதினார். அவ்வழி நின்ற சோவியத் ருசியா 1926இன் குடும்பச் சட்டத்திற் பதிவற்ற மணத்தையும் அங்கீகரித்தது. அதற்கு எழுந்த வலுவான எதிர்ப்பு நாட்டுப்புறத்திலிருந்து வந்தது. ஒருவனின் பராமரிப்புக் கடனுக்காக முழுக் குடும்பத்தின் கூட்டு ஆதனமும் பிளவுபடும் என விவசாயிகள் அஞ்சினர். 1944இல் அவ்வங்கீகாரம் மீளப் பெறப்பட்டது. சொத்துறவு மாறாத இடத்திற் சட்டம் மாத்திரம் முன்னே ஓடின் அது திரும்பி வர நேரும் என்பதே இதன் படிப்பினை.

எனவே, சேர்ந்து வாழ்வது பூர்ஷ்வாச் சீரழிவு என ஒதுக்குவதும், விடுதலையின் மறுபெயர் எனப் போற்றுவதும் ஒருங்கே பிழையானவை. வீடு யாருடையது, சம்பளம் யார் கையில், நோயுற்றால் யார் பார்ப்பர், பிள்ளைக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்களுக்கு விடை கூறாத எந்த உறவும், தாலி இருப்பினும் இல்லாவிடினும், பெண்ணுக்குச் சிறையாகலாம். இவ்வினாக்களை எழுப்பும் நாவலே இவ்விடயத்திற் சமூகத்தின் பொய்மையைத் தோலுரிக்க வல்லது. கங்காவின் கையிலிருந்த சம்பளத்தையும் அம்மணியின் நெஞ்சிலிருந்த மறுப்பையும் ஒருங்கே பெற்ற ஒரு பெண், லயத்து அறையிலிருந்தோ விடுதி அறையிலிருந்தோ நமது இலக்கியத்துள் நுழைதல் வேண்டும். அவளை எழுதுபவர் ஊர் என்ன சொல்லும் என்பதை எழுதுவதோடு அமையாது, ஊர் ஏன் அவ்வாறு சொல்கிறது என்பதையும் எழுதுதல் வேண்டும்.